வளவு என்னும் சொல்

யாழ்ப்பாணத்தார் நாவில் நாள்தோறும் வழங்கும் சொற்களுள் ‘வளவு’ என்பதும் ஒன்று. வேலியால் வளைக்கப்பட்ட குடியிருப்பு நிலத்தை அது குறிக்கும். சூழ்தற் பொருளுடைய ‘வளை’ என்னும் வினையே இதற்கு அடி. ‘வளாகம்’ இதன் இனச்சொல். 1974 ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற இலங்கைப் பல்கலைக்கழக யாழ்ப்பாண வளாகம் அவ்வடியிற் பிறந்த பெயரையே தாங்கிற்று.

முற்றமோ இதனின் வேறு. வீட்டின் முன்னிடம் முற்றம், பின்னிடம் கோடி. வீடு, முற்றம், கோடி, கிணறு, மரம் யாவும் ஒருங்கடங்கியதே வளவு. செட்டிநாட்டில் இச்சொல் வீட்டினுள் நாற்புறமும் சூழப்பெற்ற முற்றப் பகுதியைக் குறிக்கும். அங்கே சூழ்வது வீடு; இங்கே சூழ்வது வேலி. பொருள் வேறுபடினும் சூழ்தற் கருத்து இரண்டிற்கும் பொதுவாம்.

1990 ஆம் ஆண்டு வலிகாமம் வடக்கினின்றும் இடம்பெயர்ந்தோருட் பலர், பல்லாண்டு கழித்து மீண்டபோது, வீட்டையும் கண்டிலர், வேலியையும் கண்டிலர். எனினும் பற்றை மூடிய அந்நிலத்தை ‘எங்கள் வளவு’ என்றே சுட்டினர். வேலியாற் பெயர் பெற்ற நிலம், வேலி அழிந்த பின்னும் அப்பெயரை இழந்திலது. எல்லை காட்டக் கதியால் ஒன்றும் எஞ்சாத இடத்தில், உரிமைக்குச் சான்றாய் நின்றது இச்சொல்லே.