அடுத்த வீடு எவ்வளவு தொலைவு? கோப்புப் பகிர்வும் 1956ஆம் ஆண்டின் எல்லையும்

குமுளி எல்லையைக் கடந்தால் தேனி மாவட்டம். வேலந்தாவளத்தைக் கடந்தால் கோவை மாவட்டம். இரு பக்கமும் தமிழ் பேசும் குடும்பங்கள் வாழ்கின்றன. இப்பக்கத்து வீட்டிலிருந்து அப்பக்கத்து வீட்டுக்கு இணையத்தில் ஒரு கோப்பை அனுப்பினால், அது சாலையைக் கடந்து செல்வதில்லை. இரு வீட்டாரும் வெவ்வேறு நிறுவனங்களின் சந்தாதாரர்கள் எனில், அந்நிறுவனங்களின் வலையமைப்புகள் எந்த நகரத்தில் இணைகின்றனவோ அந்நகரம் வரை சென்றே திரும்பும். இணையத்தில் ‘அருகு’ என்பதை நிலவியல் மட்டும் தீர்மானிப்பதில்லை. அதற்கு ஒரு வரலாறு உண்டு.

இந்தியச் சேவை நிறுவனங்கள் தமக்குள் போதிய நேரடி இணைப்பு கொண்டிராத காலத்தில், உள்நாட்டுத் தரவுகூட வெளிநாடு சென்று திரும்பியது. விலை மிகுந்த பன்னாட்டு இணைப்பு அதனால் வீணாயிற்று. இதைத் தவிர்க்கவே 2003இல் ‘நிக்சி’ எனப்படும் தேசிய இணையப் பரிமாற்ற நிறுவனம் இலாப நோக்கற்ற அமைப்பாகத் தொடங்கப்பட்டது. நொய்டா, மும்பை, சென்னை, கொல்கத்தா ஆகியவை அதன் முதல் மையங்கள்.

இதற்கு இரண்டாண்டுகளுக்கு முன், 2001இல், பிராம் கோஹன் பிட்டாரண்ட் நெறிமுறையை வெளியிட்டார். அதில் கோப்பு சிறு துண்டுகளாகப் பிரிக்கப்படும். துண்டைப் பெறுபவரே அதைப் பிறருக்கும் வழங்குவார். யார் யாரிடம் பெறுவது என்பதற்கு டிராக்கர் பெரும்பாலும் தற்செயலான ஒரு பட்டியலையே தந்தது. அடுத்த தெருவில் இருக்கும் துண்டு பிரேசிலிலிருந்து வரக்கூடும். பயனருக்கு அதில் வேறுபாடு தெரியாது. வெளி இணைப்புக்குக் கட்டணம் செலுத்தும் நிறுவனத்துக்குத் தெரியும். அமெரிக்காவின் காம்காஸ்ட் நிறுவனம் இப்போக்குவரத்தைக் குறுக்கிட்டுத் தடுத்தது 2007இல் வெளிப்பட்டது. மறு ஆண்டு அந்நாட்டு ஒழுங்குமுறை ஆணையம் அதைக் கண்டித்தது.

தடுப்பதற்கு மாற்றாக, அருகிலிருப்பவரைத் தேர்ந்தெடுக்கச் செய்யலாம் என்பதை ஆய்வாளர்கள் காட்டினர். 2008இல் இரு வழிகள் முன்வைக்கப்பட்டன. யேல் பல்கலைக்கழகத்தினர் பங்கேற்ற ‘பி4பி’ திட்டத்தில், நிறுவனமே தன் வலையமைப்பின் செலவு விவரத்தை டிராக்கருக்குத் தெரிவிக்கும். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் ‘ஓனோ’ நிறுவனத்தின் உதவியை நாடவில்லை. உள்ளடக்க விநியோக வலையமைப்பு இரு பயனரை ஒரே வழங்கிகளுக்கு அனுப்பினால், அவ்விருவரும் அருகில் உள்ளனர் என அது ஊகித்தது. முதல் வழியின் கருத்து 2014இல் ‘ஆல்டோ’ என்னும் பொது நெறிமுறையாக வடிவம் பெற்றது.

இவற்றில் இரு செய்திகள் மொழியியல் மாணவருக்கு முக்கியமானவை. ஒன்று, அண்டையரை மட்டுமே தேர்ந்தால் வலையமைப்பு தீவுகளாகச் சிதறும். அரிய துண்டு ஒரு தீவுக்கு வந்து சேராமலே போகலாம். ஆகவே, பெரும்பாலோரை அருகிலும் சிலரைத் தொலைவிலும் தேர்வதே நல்லது என்று 2006ஆம் ஆண்டு ஆய்வொன்று பரிந்துரைத்தது. வட்டார வழக்குகளும் இவ்வாறே வாழ்கின்றன: நெருங்கிய உறவு வழக்கைக் காக்கிறது, தொலைவுறவு புதுச்சொல்லைக் கொண்டுவருகிறது.

மற்றொன்று, ‘அருகு’ என்பதை வரையறுப்பவர் யார் என்ற வினா. செலவு விவரத்தைத் தருவது நிறுவனம். இந்தியாவில் தொலைத்தொடர்பு வட்டங்கள் பெரிதும் மாநில எல்லைகளையே பின்பற்றுகின்றன. அவ்வெல்லைகளுள் பல 1956 நவம்பர் 1இன் மொழிவழிச் சீரமைப்பில் உருவானவை. தேவிகுளம், பீர்மேடு வட்டங்களைத் தமிழ்நாட்டுடன் இணைக்கக் கோரிய போராட்டம் நிறைவேறாத ஆண்டும் அதுவே. கேரளத்துக்குள் மட்டும் பின்னப்பட்ட வலையமைப்பின் கணக்கில், குமுளிக்காரருக்குக் கம்பத்தைவிடக் காசர்கோடு அருகில் இருக்கக்கூடும்.

2015இல் இடுக்கி, நாட்டின் முதல் அதிவேக ஊரக அகன்ற அலைவரிசை மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. 2023இல் கேரள அரசின் கே-ஃபோன் தொடங்கப்பட்டது. இணைப்பு ஊருக்குள் வந்துவிட்டது. ஆனால் மறையூரில் பதிவுசெய்யும் ஒரு தாலாட்டை முதலில் தேடிக் கேட்பவர், மலைக்கு அப்பால் உடுமலையில் இருக்கும் உறவினராக இருக்கலாம். செலவைக் குறைக்கும் வரைபடத்தை வரைவோர், கேபிள் செல்லும் தடத்தோடு மொழி செல்லும் தடத்தையும் கருத வேண்டும். எல்லையோரத் தமிழை ஆய்பவர்களிடம் அந்தத் தடத்தைக் காட்டும் தரவு உண்டு. அதைப் பொறியியல் துறை நண்பர்களின் மேசைக்குக் கொண்டு செல்வது நம் வேலை.