வாஷிங்டன் பணம் வார்டுக்கு வந்த கதை

மேலே உள்ள அரசாங்கம் பணத்தைக் கொடுக்கும். எதற்குச் செலவழிப்பது என்று நகரமே முடிவு செய்துகொள்ளலாம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, இல்லையா? அமெரிக்காவில் இந்த ஏற்பாட்டுக்கு 50 வயது தாண்டிவிட்டது. ஒதுக்கீடு, செலவினம் என்று கோப்புகளோடு காலம் தள்ளியவர்களுக்கு இந்தக் கதை பிடிக்கும் என்பதால் எழுதுகிறேன்.

1949 வீட்டுவசதிச் சட்டத்துக்குப் பிறகு அமெரிக்க நகரங்களில் 'நகரப் புதுப்பிப்பு' என்ற பெயரில் பழைய குடியிருப்புகளை இடித்தார்கள். கறுப்பின மக்களின் பேட்டைகள் பல அதில் காணாமல் போயின. பிறகு 1966-ல் 'மாதிரி நகரங்கள்' திட்டம் வந்தது. குடிநீர், சாக்கடை, பூங்கா என்று ஒவ்வொன்றுக்கும் தனித் தனித் திட்டம், தனி விண்ணப்பம். விண்ணப்பம் எழுதத் தெரிந்த நகரத்துக்குத்தான் பணம்.

இதை மாற்ற வேண்டும் என்றார் அதிபர் நிக்ஸன். ஆனால் சட்டம் வருவதற்குள் அவர் பதவி போய்விட்டது. 1974 ஆகஸ்ட் 9 அன்று அவர் விலக, ஆகஸ்ட் 22 அன்று அதிபர் ஃபோர்டு கையெழுத்திட்டார். 7 திட்டங்களை ஒன்றாக்கிய 'சமூக மேம்பாட்டுத் தொகுப்பு மானியம்' பிறந்தது. இனி விண்ணப்பப் போட்டி கிடையாது, கணக்குப்படி பங்கு வந்து சேரும்.

அந்தக் கணக்கில் மூன்று அம்சங்கள்: மக்கள்தொகை, வறுமை, இட நெருக்கடியான வீடுகள். வறுமைக்குப் பாதி மதிப்பு, மற்ற இரண்டுக்கும் கால் கால். இங்கேதான் சிக்கல். ஆலைகள் மூடி ஜனங்கள் வெளியேறிய வடக்கத்திப் பழைய நகரங்களில் வீடுகள் காலியாகவும் பாழடைந்தும் கிடந்தன. ஆள் இல்லாத இடத்தில் நெருக்கடி எங்கிருந்து வரும்? கணக்குப்படி பார்த்தால் அவர்களுக்குப் பங்கு குறையும். எனவே 1977-ல் இரண்டாவது கணக்கு ஒன்றைச் சேர்த்தார்கள். அதில் 1940-க்கு முன் கட்டிய வீடுகளுக்குப் பாதி மதிப்பு. இரண்டில் எது அதிகமோ, அதை ஒட்டி நகரத்தின் பங்கு அமையும்.

பணம் வந்தது சரி, போன இடம்? ஆரம்ப வருடங்களில் அர்கன்சாஸ் மாநிலத்து லிட்டில் ராக் நகரம், வசதியானவர்கள் வாழும் பகுதியில் டென்னிஸ் மைதானம் போட்டது. "ஊரார் வீட்டு நெய்யே" பழமொழி உங்களுக்கும் நினைவுக்கு வந்திருக்கும்!

கனெக்டிகட் மாநிலத்து ஹார்ட்ஃபோர்டு நகரத்தின் கதை இதைவிடக் கனமானது. ஏழைகள் நிறைந்த நகரம் அது. சுற்றிலும் வசதியான புறநகர்கள். மானியம் கேட்கும் ஊர், தன்னிடம் குடிவரக்கூடிய ஏழைக் குடும்பங்கள் எத்தனை, அவர்களுக்கு வீட்டுக்கு என்ன வழி என்று காட்ட வேண்டும் என்பது சட்டம். கிளாஸ்டன்பரி உள்ளிட்ட 7 புறநகர்களில் பெரும்பாலானவை அந்த இடத்தில் பூஜ்யம் போட்டன. மத்திய வீட்டுவசதித் துறையும் அதை ஏற்றுப் பணத்தை ஒதுக்கியது. ஹார்ட்ஃபோர்டு நகரம் வழக்குப் போட்டது. 1976-ல் நீதிமன்றம் அந்தப் பணத்தை நிறுத்திவைத்தது. 1977-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமோ, வழக்குத் தொடுக்கும் தகுதியே ஹார்ட்ஃபோர்டுக்கு இல்லை என்று சொல்லிவிட்டது. பூஜ்யம் போட்டது சரியா தவறா என்ற கேள்வி அப்படியே நின்றுபோனது.

ஆனால் இப்படிப்பட்ட புகார்களால் விதிகள் இறுகின. வட்டாரத்தின் இடைநிலை வருமானத்தில் 80 சதவீதத்துக்கு மேல் போகாத குடும்பங்களுக்கே பெரும்பங்கு பயன்பட வேண்டும் என்றார்கள். அந்தப் பெரும்பங்கு 1983-ல் 51 சதவீதம், 1987-ல் 60, 1990-ல் 70 என்று ஏறியது.

இன்று ஒரு நகரத்தில் பங்கீடு நடப்பது இப்படி: சில ஆண்டுகளுக்கு ஒரு பெருந்திட்டம், வருடந்தோறும் ஒரு செயல்திட்டம். வருடத்துக்கு இரண்டு முறையாவது பொதுமக்களைக் கூட்டிக் கருத்துக் கேட்க வேண்டும். வரைவைப் பொதுவில் வைத்து 30 நாள் காத்திருக்க வேண்டும். நிர்வாகத்துக்கு 20 சதவீதத்துக்கு மேல் எடுக்கக்கூடாது. முதியோர் உணவு, குழந்தைகள் காப்பகம் போன்ற சேவைகளுக்குப் பொதுவாக 15 சதவீதம்தான் உச்சம். மிச்சம் தெரு, சாக்கடை, வீடு பழுதுபார்ப்பு போன்றவற்றுக்கு. முதியோர் சாப்பாட்டுக்காரரும் இளைஞர் மன்றத்துக்காரரும் முட்டி மோதுவது அந்த 15 சதவீதத்துக்குள்தான்.

1975-ல் சுமார் 240 கோடி டாலராகத் தொடங்கிய திட்டம் 2024-ல் 330 கோடி டாலர். தொகை ஏறியதுபோலத் தெரியும். 50 வருட விலைவாசியைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பது புரியும். 2017-ல் டிரம்ப் அரசு திட்டத்தையே மூடிவிடலாம் என்றது. காங்கிரஸ் ஒத்துக்கொள்ளவில்லை. எந்தக் கட்சி மேயராக இருந்தாலும் தன் ஊர்ச் சாக்கடைக்கு வரும் பணத்தை விட்டுக்கொடுக்க மனம் வருமா?