தலையணைப் பணமும் தாபோங் ஹாஜியும்

நம் வீடுகளில் பெரியவர் ஒருவர் ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறார் என்றால், தாபோங் ஹாஜியைப் பற்றிய பேச்சு கட்டாயம் வரும். எப்போது பதிந்தீர்கள், எவ்வளவு சேர்ந்தது, முறை எப்போது வந்தது என்று ஆளாளுக்குக் கேட்பார்கள். பேரப்பிள்ளை பிறந்ததும் அதன் பெயரில் ஒரு கணக்குத் திறந்து வைக்கும் பாட்டிமார்களும் உண்டு. இது காலங்காலமாக இருந்து வந்த ஏற்பாடு என்றே நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். 1963ஆம் ஆண்டுக்கு முன் இப்படி ஒன்று இந்த நாட்டில் இல்லை. ஒரு பொருளியல் பேராசிரியரின் மனத்தில் எழுந்த கேள்வியிலிருந்து பிறந்தது இது. சங்கத்தின் ஐம்பதாம் ஆண்டில் அந்த வரலாற்றை நினைத்துப் பார்ப்பது நமக்குப் பயன் தரும்.

அந்தக் காலத்து ஹஜ் கப்பலில்தான். பினாங்கு துறைமுகத்திலிருந்து புறப்படும் பயணிகள் ஆச்சே தெருவில் வந்து குவிவார்கள். வழியனுப்ப வந்த உறவினர், சாமான் வாங்குவோர், பயண ஏற்பாட்டாளர் என்று அந்தத் தெரு நிரம்பி வழியும். மலாய்க் கம்பத்திலிருந்து வந்த விவசாயியும், நம்மவர்களில் வாழ்நாள் முழுவதும் கடையில் நின்று காசு சேர்த்தவரும் அங்கே ஒன்றாக நின்றார்கள்.

அந்தக் காசு எங்கே சேர்ந்தது என்பதுதான் விஷயம். வங்கியில் போட்டால் வட்டி வரும். வட்டி ஹராம். ஹராம் கலந்த பணத்தில் ஹஜ் செய்ய எந்த முஸ்லிமும் துணியமாட்டார். ஆகவே பணம் தலையணைக்குள்ளும், பாய்க்கு அடியிலும், மூங்கில் குழாயிலும், மண்பானையிலும் இருந்தது. திருடன் கொண்டு போனதும் உண்டு, கறையான் தின்றதும் உண்டு. சேர்த்தது போதாதபோது நிலத்தையோ எருமையையோ நகையையோ விற்றார்கள். கடமையை நிறைவேற்றிவிட்ட மகிழ்ச்சியோடு திரும்பி வந்தவருக்கு, உழுவதற்கு நிலம் இல்லை. ஹாஜி என்ற மரியாதை கிடைத்தது. பிழைப்பு போய்விட்டது.

இந்த நிலையைக் கூர்ந்து பார்த்தவர் பேராசிரியர் உங்கு அப்துல் அசிஸ். பின்னாளில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருபதாண்டுகள் பணியாற்றியவர். கிராமத்து வறுமையைப் படிக்க வீடு வீடாகச் சென்றவர். ஒரு வீட்டில் எத்தனை சாரோங் இருக்கிறது என்று எண்ணி, அதை ஆட்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் அந்தக் குடும்பத்தின் நிலை தெரிந்துவிடும் என்று சொன்னவர். ஏழையின் வாழ்க்கையை அவன் கொடியில் காயும் துணியிலிருந்தே படிக்கத் தெரிந்த மனிதர்.

அவர் 1959இல் ஓர் ஆய்வறிக்கையை முன்வைத்தார். ஹஜ் செல்ல விரும்புவோரின் பொருளாதார நிலையை மேம்படுத்தும் திட்டம் அது. "வசதி இல்லாதவர் ஏன் ஹஜ்ஜுக்குப் போகிறார்?" என்று அவர் குறை சொல்லவில்லை. "வட்டியை மறந்துவிட்டு வங்கியில் போடு" என்று அறிவுரையும் கூறவில்லை. மக்களின் ஆசையையும் அச்சத்தையும் அப்படியே ஏற்றுக்கொண்டு, அவை இரண்டுக்கும் ஏற்ற வழியைத் தேடினார். சிறுகச் சிறுகச் சேமிக்க ஒரு நிறுவனம் வேண்டும். அந்தப் பணத்தை ஹலாலான தொழில்களில் முதலீடு செய்ய வேண்டும். வரும் இலாபத்தைச் சேமித்தவர்களுக்கே பகிர்ந்து கொடுக்க வேண்டும். தலையணைக்குள் தூங்கிய பணம் நாட்டின் தொழிலுக்கு முதலாகும். ஹாஜியாகத் திரும்புபவரின் நிலமும் அவரிடமே இருக்கும்.

மார்க்க அறிஞர்களின் இசைவு இல்லாமல் இந்தத் திட்டம் ஓர் அடியும் நகர்ந்திருக்காது. அல்அஸ்ஹர் பல்கலைக்கழகத்தின் தலைவர் ஷெய்கு மஹ்மூத் ஷல்தூத் 1962இல் இங்கு வருகை தந்தபோது, திட்டத்தை அவர் முன் வைத்து ஒப்புதல் பெற்றார்கள். அதே ஆண்டு சட்டம் இயற்றப்பட்டு, ஹஜ் செல்வோர் சேமிப்புக் கழகம் உருவானது. 1963 செப்டம்பர் 30ஆம் நாள் அது செயல்படத் தொடங்கியது. முதலில் சேர்ந்தவர்கள் 1,281 பேர். அவர்கள் போட்ட தொகை சுமார் 46,600 வெள்ளி. தலைக்கு 36 வெள்ளி சொச்சம்தான். இன்றைய தாபோங் ஹாஜியின் பிரம்மாண்டமான கட்டடத்தைப் பார்ப்பவர்கள் அந்த 36 வெள்ளியை நினைத்துக்கொள்ள வேண்டும்.

சேமிப்பு ஓரிடம், பயண ஏற்பாடு வேறிடம் என்று மக்கள் அலைந்தது 1969இல் முடிவுக்கு வந்தது. பினாங்கில் 1951 முதல் இயங்கி வந்த ஹஜ் விவகார அலுவலகம் அவ்வாண்டு கழகத்தோடு இணைக்கப்பட்டது. 1977க்குப் பிறகு கப்பல் பயணம் நின்று, விமானமே வழியானது. 1983இல் நாட்டின் முதல் இஸ்லாமிய வங்கி தொடங்கப்பட்டபோது, அதன் முக்கியப் பங்குதாரர்களில் ஒன்றாக தாபோங் ஹாஜியும் நின்றது. வட்டியில்லாமல் பணத்தை நிர்வகிக்க முடியும் என்று இருபதாண்டுகள் செய்து காட்டிய பிறகல்லவா அந்த வங்கிக்குத் துணிவு பிறந்தது!

வரலாற்றை எழுதும்போது கசப்பையும் எழுத வேண்டும். 2017ஆம் ஆண்டின் முடிவில் நிறுவனத்தின் சொத்து 70.3 பில்லியன் வெள்ளி, பொறுப்புகளோ 74.4 பில்லியன் வெள்ளி என்று 2018 டிசம்பரில் அரசாங்கம் அறிவித்தது. நலிந்த முதலீடுகளை நிதி அமைச்சின் கீழ் அமைந்த வேறொரு நிறுவனத்துக்கு மாற்ற வேண்டியதாயிற்று. அவ்வாண்டு இலாபப் பங்கு 1.25 விழுக்காட்டுக்கு இறங்கியது. சேமிப்புக்கு அரசாங்க உத்தரவாதம் சட்டத்திலேயே இருக்கிறது. எனினும் பல வீடுகளில் கவலை புகுந்தது. நல்ல எண்ணம் ஒரு நிறுவனத்தைத் தொடங்கி வைக்கும். அதைக் காப்பாற்றுவது ஒளிவுமறைவற்ற கணக்குதான்.

இதில் நமக்கு என்ன பாடம்? கூட்டுக் கட்டிச் சேமிப்பதும், மய்யித் நிதிக்கு மாதச் சந்தா வசூலிப்பதும், பள்ளிவாசலுக்கு வக்ஃபு எழுதி வைப்பதும் தமிழ் முஸ்லிம்களுக்குப் புதியவை அல்ல. முன்னோர்கள் தங்கள் காலத்துத் தேவையைப் பார்த்து அவற்றை ஏற்படுத்தினார்கள். இன்றைய தேவை வேறு. பிள்ளைகள் வெளியூரில் இருக்க, அடுக்குமாடி வீட்டில் தனியே இருக்கும் முதியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தும் முதல் தவணைக்குப் பணம் இல்லாமல் தவிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கணவரை இழந்து, சங்கத்தில் வந்து கேட்கக் கூச்சப்படும் சகோதரிகளும் இருக்கிறார்கள்.

இவர்களுக்கு ஆண்டுக்கொரு முறை அன்பளிப்புப் பொட்டலம் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வதோடு நம் கடமை முடிந்துவிடாது. உங்கு அசிஸ் செய்தது போல வீட்டுக்குள் சென்று பார்க்க வேண்டும். அவர்கள் எதற்கு ஆசைப்படுகிறார்கள், எதற்கு அஞ்சுகிறார்கள் என்று கேட்க வேண்டும். அதற்கேற்ற வழியைச் சிறிய அளவில் தொடங்கி, கணக்கைத் திறந்து வைக்க வேண்டும்.

சங்கத்தின் அடுத்த ஐம்பதாண்டை நடத்தப்போகும் இளைஞர்களே, 1,281 பேரோடு தொடங்கிய ஒரு வேலை ஒரு நாட்டின் ஹஜ்ஜையே மாற்றியது. நமக்கு முப்பது பேர் கிடைத்தாலும் போதும். இன்ஷா அல்லாஹ், தொடங்குவோம்.