மண்டலின் பிக்: 35 டொலர் கொடுத்து வாங்கலாமா?

மண்டலின் பழகும் பிள்ளை உள்ள வீடுகளில் இந்தக் கேள்வி என்றோ ஒரு நாள் வரும். தந்தியை மீட்டும் அந்தச் சின்னத் தகடு, அதாவது 'பிக்', கடையில் ஒரு டொலருக்கும் கிடைக்கிறது, 35 டொலருக்கும் கிடைக்கிறது. இரண்டும் விரல் நகத்தைவிடச் சற்றுப் பெரியவை. "அப்பா, நல்லது வாங்கித் தாங்கோ" என்று பிள்ளை கேட்டால் என்ன செய்வது?

அகதிகளாக வந்து, ஒவ்வொரு டொலரையும் எண்ணிச் செலவழித்துப் பழகிய எங்களுக்கு இது சின்ன விடயம் இல்லை. கணக்குத் தொழிலில் இருப்பதால் விலையைப் பார்த்தவுடன் "இதற்கு என்ன வருகிறது?" என்று கேட்பது எங்கள் பழக்கம். பிக் வாங்க நினைக்கும் பெற்றோருக்கும், நடுவயதில் வாத்தியத்தை மீண்டும் கையில் எடுத்தவர்களுக்கும் உதவும் என்று இந்த விபரங்களைத் தொகுத்துத் தருகிறோம்.

மண்டலினுக்கு ஏன் தனிப் பிக்?

வழமையான மண்டலினில் எட்டுத் தந்திகள் உண்டு. இவை இரண்டிரண்டாகச் சேர்ந்து நான்கு சோடிகளாக இருக்கும். சுருதி வயலினைப் போலவே ஜி, டி, ஏ, ஈ. தந்தியின் அதிரும் நீளம் ஏறத்தாழ 14 அங்குலம் மட்டுமே. கிற்றாரில் அது 25 அங்குலம் அளவில் இருக்கும். மண்டலினில் நீளம் குறைவு, இறுக்கம் அதிகம். ஒரு வீச்சில் இரண்டு தந்திகளையும் ஒன்றாக அடிக்கவும் வேண்டும்.

கிற்றாருக்கு வாங்கிய மெல்லிய பிக்கை இதில் பிடித்தால், தந்தி அசைவதற்கு முன் பிக் வளைந்துவிடும். நாதம் வராமல் 'சடக் சடக்' என்ற பிளாஸ்ரிக் சத்தம்தான் கேட்கும். மலிவான மண்டலின்களோடு பெட்டிக்குள் வைத்துத் தரும் பிக்குகள் பல இந்த வகைதான். பிள்ளையோ தனக்குக் கை வரவில்லை என்று நினைக்கும், பெற்றோரும் அப்படியே நினைப்பார்கள். வாத்தியம் அலுமாரிக்கு மேல் போய்விடும். பிக் பற்றி இவ்வளவு எழுத வேண்டி வந்ததற்கு இதுதான் முதற் காரணம்.

பார்க்க வேண்டிய நான்கு விடயங்கள்

*தடிப்பு:* மண்டலினுக்குப் பொதுவாக 1 மில்லிமீற்றரில் இருந்து 1.5 மில்லிமீற்றர் வரையான தடிப்பு பொருந்தும். 0.7 மில்லிமீற்றருக்குக் கீழே போனால் வளைவு கூடிவிடும். தடித்த பிக்கில் நாதம் உருண்டு, கனமாக வரும். ஒரே சுரத்தை வேகமாக மேலும் கீழும் அடிக்கும் 'ட்ரெமொலோ' வாசிப்பிலும் வளையாத பிக் கைக்குக் கட்டுப்படும். பழகத் தொடங்கும் பிள்ளைக்கு மட்டும் 0.9 அல்லது 1 மில்லிமீற்றரில் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டலாம்.

*வடிவம்:* கிற்றார் பிக்கின் கண்ணீர்த்துளி வடிவத்தில் கூர்முனை ஒன்றுதான். மண்டலின் வாசிப்பவர்கள் பலர் விரும்புவது மூன்று முனைகளும் ஒரே அளவான பெரிய முக்கோண வடிவம். பிடிக்க இடம் அதிகம். ஒரு முனை தேய்ந்தால் திருப்பிப் பிடித்து அடுத்த முனையில் வாசிக்கலாம். ஒரு பிக் வாங்கினால் மூன்று பிக் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

*முனையின் கூர்மை:* கூரிய முனை பிரகாசமான, வெட்டிய சத்தம் தரும். வட்ட முனை மென்மையான, இருண்ட நாதம் தரும். அமெரிக்க மண்டலின் கலைஞர் டேவிட் கிறிஸ்மனின் பட்டப்பெயரான 'டோக்' என்ற பெயரில் விற்கப்படும் பிக் இந்த வட்டத்தின் உச்சம். அதில் முனை என்று சொல்ல ஒன்றுமே இல்லை.

*விளிம்பின் சரிவு:* நல்ல பிக்குகளின் விளிம்பைச் சரிவாகச் சீவி மெருகேற்றியிருப்பார்கள். தந்தி அந்தச் சரிவில் வழுக்கி விடுபடுவதால் உரசும் சத்தம் குறையும். விலை கூடிய பிக்கில் நீங்கள் காசு கொடுப்பதில் பெரும் பங்கு இந்த வேலைக்குத்தான். சில சரிவுகள் வலக்கைக்காரருக்கு என்றே சீவப்பட்டவை. பிள்ளை இடக்கைக்காரர் என்றால் வாங்கும்போது அதைச் சொல்லி வாங்குங்கள்.

ஆமை ஓட்டின் கதை

விலை கூடிய பிக்குகள் ஏன் தோன்றின என்பதை விளங்கிக்கொள்ள ஆமை ஓட்டுக்குப் போக வேண்டும். அழுங்காமை எனப்படும் கடலாமையின் ஓடுதான் நீண்ட காலம் மிகச் சிறந்த பிக்காகக் கருதப்பட்டது. அது விறைப்பானது, மெருகு ஏறக்கூடியது, தந்தியில் சிக்காதது. அதே ஓட்டில் இலங்கையின் காலி நகரில் சீப்பும் நகைப்பெட்டியும் செய்த கைவினைஞர்கள் இருந்தார்கள்.

அழிந்துவரும் உயிரினங்களின் சர்வதேச வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் 'சைற்றிஸ்' உடன்படிக்கை 1973இல் கையெழுத்தாகி 1975இல் நடைமுறைக்கு வந்தது. அழுங்காமை அதன் முதலாம் பட்டியலில் உள்ளது. அதாவது வர்த்தக நோக்கில் எல்லை கடத்த முடியாது. நாங்கள் வாழும் நாடுகள் அநேகமாக எல்லாம் இதில் உறுப்புரிமை பெற்றவை. இலங்கையும் 1979இல் சேர்ந்துகொண்டது.

இங்கே எம்மவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஊரில் தாத்தாவின் மண்டலின் பெட்டிக்குள் பழைய ஆமையோட்டுப் பிக் ஒன்று கிடந்தால், ஞாபகார்த்தமாகப் பயணப் பைக்குள் போட்டு வராதீர்கள். உரிய அனுமதிப் பத்திரம் இல்லாவிட்டால் சுங்கத்தில் பறிமுதல் ஆகலாம், தண்டமும் வரலாம். வதிவிட அனுமதி, குடியுரிமை என்று கோப்புகள் திறந்திருப்பவர்களுக்கு எல்லையில் ஒரு பதிவு விழுவது வீண் தலையிடி.

ஆமையோடு போலப் பழுப்புப் புள்ளிகளோடு கடையில் விற்பவை எல்லாம் ஆமையோடு இல்லை. அவை பெரும்பாலும் 'செலுலொயிட்' என்ற பழைய வகைப் பிளாஸ்ரிக். 1922இல் நியூயோர்க்கில் டி'அன்ட்ரியா நிறுவனம் செலுலொயிட் பிக்குகளைச் செய்யத் தொடங்கியதில் இருந்து அந்த நிறம் ஒரு வழக்கமாகிவிட்டது. உண்மையான ஓடா என்று பார்க்கச் சூடான ஊசியால் குத்திப் பார்க்கச் சொல்பவர்கள் உண்டு. அதைச் செய்யாதீர்கள். செலுலொயிட் மிக எளிதில் தீப்பற்றும்.

இன்று கிடைக்கும் உயர்வகைப் பிக்குகள்

ஆமையோட்டுக்கு மாற்றுத் தேடியவர்கள் வேறு வேறு வழிகளில் போனார்கள்.

*புளூசிப்:* அமெரிக்காவின் டெனசி மாநிலத்தில் நொக்ஸ்வில் நகரில் செய்யப்படுவது. மூலப்பொருள் 'பொலிஇமைட்'. வெப்பத்தையும் உராய்வையும் தாங்குவதால் இயந்திர உதிரிப்பாகங்களுக்குப் பயன்படும் கடும் பிளாஸ்ரிக் இது. மிக மெதுவாகத்தான் தேயும். பெயரோடு வரும் எண், தடிப்பை அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்காகச் சொல்கிறது. 40 என்றால் ஏறத்தாழ 1 மில்லிமீற்றர், 55 என்றால் 1.4 மில்லிமீற்றர், 60 என்றால் 1.5 மில்லிமீற்றர். 'சிரி 55' என்பது புகழ்பெற்ற மண்டலின் கலைஞர் கிறிஸ் தீலியின் பெயரில் வந்த வட்டமுனை முக்கோணம். விலை 35 அமெரிக்க டொலருக்குக் குறையாது.

*வேகன்:* நெதர்லாந்தில் கையால் சீவிச் செய்யப்படுவது. இதில் எண் நேராக மில்லிமீற்றரைச் சொல்கிறது. 'ரிஎப் 140' என்றால் 1.4 மில்லிமீற்றர், 'எம் 150' என்றால் 1.5 மில்லிமீற்றர். விலையில் புளூசிப்பை விடக் குறைவு. ஐரோப்பாவில் இருக்கும் எம்மவர்களுக்குத் தபாற்செலவும் குறையும்.

*ரெட் பெயார்:* பாலில் உள்ள கேசீன் என்ற புரதத்தில் இருந்து செய்யப்படுவது. ஆமையோட்டின் தன்மைக்கு நெருங்கியது என்று விரும்புபவர்கள் பலர். ஆனால் ஈரம் ஆகாது. கை அதிகம் வியர்ப்பவர்களுக்கும், காற்சட்டைப் பையோடு சேர்த்துத் துணி துவைப்பவர்களுக்கும் ஏற்றதல்ல.

*பிரைம்ரோன்:* டன்லொப் நிறுவனத்தின் தயாரிப்பு. 'அல்ரெக்ஸ்' என்ற கடினமான பிளாஸ்ரிக்கில் விளிம்பு சீவி வருவது. மூன்று பிக் கொண்ட பொதியாகக் கிடைக்கும். ஒரு பொதியின் விலை ஒரு புளூசிப்பின் விலையை விடக் குறைவு. நடுத்தர வரவுசெலவுக்கு முதலில் பார்க்க வேண்டியது இதுதான் என்பது எங்கள் அபிப்பிராயம்.

எந்த இசைக்கு எது?

பில் மன்றோ உருவாக்கிய அமெரிக்கப் புளூகிராஸ் இசையில் மண்டலின் தாள வாத்தியமும்கூட. இடைத்தட்டில் தந்திகளை அடித்து உடனே அமுக்கும் 'சொப்' என்ற வாசிப்புக்குத் தடித்த, வளையாத பிக் வேண்டும். 1.4 மில்லிமீற்றர் முக்கோணங்கள் அந்த இசைக்காரரிடம் பரவலாக இருப்பது இதனால்தான்.

கர்நாடக இசையில் நிலைமை வேறு. உப்பலபு ஸ்ரீநிவாஸ் (1969–2014) இந்த வாத்தியத்தைச் சபா மேடைக்குக் கொண்டுவந்தபோது சோடித் தந்திகளை விட்டு, ஒற்றைத் தந்திகள் கொண்ட மின் மண்டலினை எடுத்தார். கமகம் பிடிக்க அதுவே வசதி. ஒரு மீட்டலில் பிறந்த நாதம், இடக்கை விரல் வழுக்கிச் செல்லும் சுரங்கள் எல்லாவற்றையும் சுமக்க வேண்டும். எனவே அடியின் சத்தம் முந்திக்கொண்டு கேட்கக் கூடாது. சற்று வட்டமான, நன்றாக மெருகேற்றிய முனை இதற்கு உதவும். ஒற்றைத் தந்திக்கு 1 மில்லிமீற்றர் அளவே போதுமானதாக இருக்கலாம். பிள்ளை குருவிடம் படிப்பதானால் எங்கள் சொல்லை விட அவர் சொல்லே முந்தி. அவர் எதைப் பிடிக்கிறார் என்று கேட்டு அதற்குப் பிறகு வாங்குங்கள்.

இனி எங்கள் கணக்கு

பிள்ளை ஒரு நாளைக்கு அரை மணித்தியாலம், கிழமைக்கு ஐந்து நாள், வருடத்துக்கு 50 கிழமை பழகுகிறது என்று வைப்போம். வருடத்துக்கு 125 மணித்தியாலம், மூன்று வருடத்துக்கு 375.

ஒரு டொலர்ப் பிக் வருடத்துக்கு எட்டுத் தேவைப்பட்டால் மூன்று வருடச் செலவு 24 டொலர். மணித்தியாலத்துக்கு ஆறரைச் சதம் அளவில் வரும். 35 டொலர்ப் பிக் அந்த மூன்று வருடமும் நின்றால் ஒன்பதரைச் சதத்துக்கும் குறைவு. வித்தியாசம் மூன்று வருடத்தில் வெறும் 11 டொலர். இவ்வளவுதானா என்று தோன்றும்.

ஆனால் கணக்குப் பதிவியலில் 'தேய்மானம்' என்று ஒரு தலைப்பு உண்டு, 'இழப்பு' என்று இன்னொரு தலைப்பும் உண்டு. நல்ல பிக் தேய்வதில்லை, தொலைகிறது. பள்ளிக்கூடப் பை, கார் இருக்கை, உடுப்புத் தோய்க்கும் இயந்திரம், தம்பியின் விளையாட்டுப் பெட்டி என்று அது போகும் இடங்கள் பல. வருடத்துக்கு ஒன்று தொலைந்தால் மூன்று வருடச் செலவு 105 டொலர். மணித்தியாலத்துக்கு 28 சதம். எனவே விலை கூடிய பிக் வாங்கும் வீட்டில் பொருளைப் பற்றி விசாரிப்பதோடு பிக் வைக்கும் இடத்தையும் முடிவுசெய்ய வேண்டும். மூடியுள்ள ஒரு சின்னத் தகரப் பெட்டி, மண்டலின் பெட்டிக்குள்ளேயே ஒரு நிரந்தர இடம், வாசித்து முடிந்ததும் அங்கே வைக்கும் பழக்கம் ஆகிய மூன்றும் இருந்தால்தான் அந்த 35 டொலர் முதலீடு ஆகும்.

வாங்கும் ஒழுங்கு

முதலில் 1, 1.2, 1.5 மில்லிமீற்றர் தடிப்புகளில் மலிவான பிக்குகள் சிலவற்றை வாங்குங்கள். ஒன்று முக்கோணமாகவும் ஒன்று வட்டமுனையாகவும் இருக்கட்டும். எல்லாம் சேர்த்து ஏழெட்டு டொலருக்கு மேல் போகாது. ஒரே பாட்டின் அதே நான்கு வரியை ஒவ்வொன்றாலும் வாசிக்கச் சொல்லி, கைத்தொலைபேசியில் பதிவுசெய்யுங்கள். பிறகு எது எது என்று சொல்லாமல் போட்டுக் கேளுங்கள். வாசித்த பிள்ளையும் கேட்டவர்களும் எதைத் தெரிவுசெய்கிறார்கள் என்று எழுதிவையுங்கள். ஒரு கிழமை விட்டு மறுபடியும் செய்யுங்கள். இரண்டு முறையும் ஒரே பிக் வந்தால் உங்கள் தடிப்பும் வடிவமும் கிடைத்துவிட்டன.

அதற்குப் பிறகு, அதே தடிப்பிலும் அதே வடிவத்திலும் ஒரு நல்ல பிக் வாங்கலாம். முதலில் பிரைம்ரோன் பொதி. அதில் மாதக்கணக்காக ஒன்றும் தொலையாமல் இருந்தால் வேகன் அல்லது புளூசிப். இந்த வரிசையில் போனால் பணம் வீணாகும் வாய்ப்பு மிகக் குறைவு.

சத்தத்தில் பெரிய மாற்றத்தைத் தருவது தடிப்பும் வடிவமும். அவை மலிவு விலையிலேயே கிடைக்கும். மேலே கொடுக்கும் 30 டொலர் வாங்கித் தருவது உரசல் இல்லாத விளிம்பும் நீண்ட ஆயுளும். அந்த வித்தியாசத்தைக் காது கண்டுகொள்ளும் நிலைக்குப் பிள்ளை வந்துவிட்டால் அது தகும். வராவிட்டால் அந்த 30 டொலரை ஒரு புதிய தந்தித் தொகுதிக்கும் வகுப்புக் கட்டணத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள். விலையைக் கேட்டு "எங்களுக்கு ஏன் இதெல்லாம்" என்று சொல்லி வாத்தியத்தையே மூடி வைத்துவிட வேண்டாம். சரியான தடிப்பில் உள்ள ஒரு டொலர்ப் பிக்கே ஒரு பிள்ளை தொடர்ந்து வாசிக்கப் போதும்.