கூடவே வரும் வெந்நீர்த் தொட்டி

அமெரிக்க நாட்டில் விடுமுறை வந்தால் பல குடும்பங்கள் வீட்டையே வண்டியில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டுவிடுகின்றன. படுக்கை, அடுப்பு, கழிப்பறை யாவும் அமைந்த இவ்வண்டிகளை அங்கே 'ஆர்.வி.' என்பார்கள். இப்போது சிலர் இன்னொரு பொருளையும் உடன் எடுத்துச் செல்கிறார்கள். அது காற்றடைத்து நிறுத்தும் வெந்நீர்த் தொட்டி. முகாமிட்ட இடத்தில் அதை விரித்து, நீர் நிரப்பிச் சூடேற்றி, கழுத்தளவு நீரில் அமர்ந்து களைப்பாறுகிறார்கள். வெறும் ஆடம்பரம் என்று இதைத் தள்ளிவிடத் தோன்றும். ஆனால் இதன் வரலாறு நோயுற்ற ஒரு சிறுவனின் வலியோடு தொடர்புடையது.

கிணற்றிலிருந்து குளியலறைக்கு

இத்தாலியிலிருந்து குடியேறிய ஜக்குஸி சகோதரர்கள் 1915-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில் விமானச் சுழல்விசிறி செய்யும் தொழிலைத் தொடங்கினர். 1921-இல் அவர்கள் கட்டிய விமானம் விழுந்ததில் சகோதரர் ஜியோகோண்டோ உயிரிழந்தார். குடும்பம் விமானத் தொழிலை விட்டுவிட்டது. பின்னர் 1920-களில், ஆழ்கிணறுகளிலிருந்து நீரேற்றும் ஜெட் பம்பு செய்வதில் ஈடுபட்டது.

அதன் தத்துவம் எளியது. குறுகிய துளை வழியே நீரைச் செலுத்தினால் அதன் வேகம் கூடும். அந்த இடத்தில் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்த அவ்விடத்தை நோக்கிச் சுற்றியுள்ள நீர் இழுக்கப்படும். நம் ஊர்க் கிணறுகளில் இயங்கும் ஜெட் பம்பும் இதே தத்துவத்தில்தான் வேலை செய்கிறது.

கடைசிச் சகோதரர் காண்டிடோவின் மகன் கென்னத் 1941-இல் பிறந்தவர். குழந்தைப் பருவத்திலேயே முடக்குவாதம் அவரைப் பற்றியது. மருத்துவமனையில் சுழலும் வெந்நீர்த் தொட்டியில் அமர்த்தினால் வலி தணிந்தது. வீட்டுக்கு வந்தபின் மீண்டும் மூட்டுகள் இறுகின. தந்தை பம்புத் தொழிலை நன்கறிந்தவர் அல்லவா? வீட்டுக் குளியல் தொட்டியின் நீரில் இறக்கி வைக்கும்படி ஒரு சிறு பம்பை 1940-களின் இறுதியில் அமைத்தார். அதே குறுகிய துளைதான். ஆனால் இங்கே நீரோடு காற்றும் இழுக்கப்பட்டுக் குமிழிகளாய் உடலை வருடியது. 1956-இல் இது 'ஜே-300' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். காண்டிடோ தொட்டியையும் தூக்கவில்லை, நீரையும் தூக்கவில்லை. பம்பை மட்டும் கையில் எடுத்துச் செல்லக் கூடியதாக்கினார்.

மீண்டும் பயணம்

அடுத்த தலைமுறையைச் சேர்ந்த ராய் ஜக்குஸி 1968-இல் நீர்த்தாரைகளைத் தொட்டியின் சுவரிலேயே பொருத்தினார். மருத்துவக் கருவி உல்லாசப் பொருளாயிற்று. வீட்டோடு நிலைத்தும் விட்டது. அதே காலத்தில் கலிபோர்னியாவில் பழைய திராட்சை மதுப் பீப்பாய்களை வெந்நீர்த் தொட்டிகளாக்கும் வழக்கமும் பரவியது.

வண்டியின் கதையோ இன்னும் பழையது. 1910-லேயே பியர்ஸ்-ஆரோ நிறுவனம் படுக்கையாக மாறும் இருக்கையும், மடக்கி வைக்கக் கூடிய கைகழுவும் தொட்டியும் கொண்ட காரை நியூயார்க்கில் காட்சிக்கு வைத்தது. வண்டியும் வெந்நீர்த் தொட்டியும் ஒன்றுசேர, மடித்து வைக்கும் பிளாஸ்டிக் தொட்டிகள் வரவேண்டியிருந்தது.

ஒரு சிறு கணக்கு

நால்வர் அமரும் தொட்டியை மடித்து வண்டியில் வைத்துவிடலாம். ஆனால் அதில் நிரம்பும் நீர் ஏறத்தாழ 800 லிட்டர், அதாவது 800 கிலோ. ஆகவே நீரை முகாமிலேயே பிடித்தாக வேண்டும்.

வெப்பம்? 15 டிகிரி செல்சியஸில் உள்ள நீரை 40 டிகிரிக்கு உயர்த்த 800 × 25 = 20,000 கிலோகலோரி தேவை. இது சுமார் 23 கிலோவாட்-மணிக்குச் சமம். 1.3 கிலோவாட் சூடேற்றி, வெப்ப இழப்பே இல்லையென்றாலும், இதற்கு 18 மணி நேரம் எடுத்துக்கொள்ளும். குளிர்ந்த இரவில் இன்னும் நேரமாகும். சனிக்கிழமை காலையில் நீர் நிரப்பிய குடும்பம் ஞாயிறன்றுதான் குளிக்க முடியும்! மேல்மூடி இல்லாவிட்டால் ஆவியாதலால் வெப்பம் வீணாகிக்கொண்டே இருக்கும்.

40 டிகிரிக்கு மேல் சூடேற்றுவதும் ஆபத்து. உடல் வெப்பத்தை வெளியேற்ற வழியின்றித் தலைசுற்றல், மயக்கம் நேரலாம். கிருமிநாசினி சேர்க்காத வெதுவெதுப்பான நீரில் நுண்ணுயிர்கள் விரைவில் பெருகும்.

ஆக, தொட்டியை மடித்துவிட்டோம். நீரின் எடையையும் வெப்பக் கொள்ளளவையும் மடிக்க முடியவில்லை. காண்டிடோவின் பம்பும் மகனின் நோயைக் குணப்படுத்திவிடவில்லை; வலியைத் தணித்தது. கென்னத் 2017 வரை வாழ்ந்தார். தந்தையின் கண்டுபிடிப்பைப் பற்றி நூலும் எழுதினார். காட்டோர முகாமில் குமிழிகளுக்கிடையே இளைப்பாறுகிறவர்களில் எத்தனை பேர் அச்சிறுவனை அறிவார்கள்?