சக்கரம், வளரி, தட்டு: எறிகலையில் மணிக்கட்டு

மாமல்லபுரம் மகிடாசுரமர்த்தினி குடைவரையில் சிங்கத்தின் மீது அமர்ந்து போரிடும் துர்க்கைக்கு எட்டுக் கைகள். வில் நாணிழுத்து வளைந்திருக்கிறது. அசுரப் படை பின்வாங்குகிறது. சக்கரம் மட்டும் கையிலேயே நிற்கிறது. வராகக் குடைவரையில் உலகளக்கும் திரிவிக்கிரமரின் சக்கரமும் அப்படியே. கி.பி. 7ஆம் நூற்றாண்டின் பல்லவச் சிற்பிகள் அம்பு விடும் உடலின் முறுக்கை நுட்பமாகக் காட்டினார்கள். ஆனால் சக்கரம் கையை விட்டு எவ்வாறு கிளம்பும் என்பதைச் சொல்லவில்லை. எறியத் தயாராகத் திருப்பிப் பிடித்த சக்கரத்தைப் பிற்காலத்தவர் 'பிரயோகச் சக்கரம்' என்பர். திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் இதற்குப் பெயர்பெற்றவர். அதுவும் எறிவதற்கு முந்தைய நிலைதான். எறிதலின் நுட்பம் முழுவதும் அதற்கு அடுத்த கணத்தில், மணிக்கட்டில் நிகழ்கிறது.

சக்கரம் வெறும் புராணக் கருவி அன்று. சீக்கிய நிகாங்குகள் தலைப்பாகையில் அணியும் கூர்விளிம்பு வளையம் உண்மையான போர்க்கருவி. அதைச் சுட்டுவிரலில் சுழற்றி விடுவதும், விரல்களுக்கிடையே பிடித்து விசிறுவதும் என இரு முறைகள் இருந்தன. இரண்டாவது முறை இன்றைய டிஸ்க் கால்ஃப் எறிதலுக்கு மிக நெருக்கமானது.

டிஸ்க் கால்ஃபில் சங்கிலிகள் தொங்கும் கூடைக்குள் பிளாஸ்டிக் தட்டைக் குறைந்த எறிதல்களில் சேர்க்க வேண்டும். வாம்-ஓ நிறுவனம் 1957இல் பறக்கும் தட்டை விற்கத் தொடங்கியது. அங்கு பணியாற்றிய எட் ஹெட்ரிக் 1975இல் கலிஃபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் முதல் நிலையான ஆடுகளத்தை அமைத்தார். 2002இல் அவர் இறந்தபின் அவரது சாம்பலைக் கலந்து தட்டுகள் வார்க்கப்பட்டன.

புதிதாக ஆடுபவர் பெரும்பாலும் மணிக்கட்டை வலிந்து சுண்டுவார். தட்டு தள்ளாடிக்கொண்டு போகும். தேர்ந்தவரின் மணிக்கட்டு தளர்வாக இருக்கும். தட்டு மார்புக்கு அருகில் வரும்போது அது உள்நோக்கி மடியும். இடுப்பும் தோளும் திரும்பி முழங்கை நீளும்போது தானே விரியும். அந்தக் கடைசி நொடியில்தான் விரல்கள் இறுகும். இது சாட்டையின் நுனி செய்யும் வேலை. சாட்டை சுற்றிப் பம்பரம் விட்டவருக்கு மீதியும் எளிதில் விளங்கும்: சுழற்சி குறைந்தால் பம்பரம் தலைசாய்கிறது, தட்டும் அப்படியே. வலக்கையால் புறங்கை வீச்சில் எறிந்த தட்டு வேகம் குறைந்ததும் இடப்பக்கம் சரிவது இதனால்தான்.

உள்ளங்கை மேல்நோக்கிய வீச்சில் முழங்கை முன்னே செல்ல, பின்னோக்கி மடிந்த மணிக்கட்டு அதைத் தொடர்கிறது. விடும் நேரத்தில் உள்ளங்கை கீழ்நோக்கிப் புரண்டுவிட்டால் தட்டும் புரளும்.

மாமல்லபுரம் போன்ற கடற்கரையில் பிற்பகல் கடற்காற்றை எதிர்த்து எறிவது தனிப் பாடம். எதிர்க்காற்று தட்டின் மீது செல்லும் காற்றின் வேகத்தைக் கூட்டுகிறது. தட்டு அதிகமாக எழும்பும், அதிகமாகத் திரும்பும். முன்விளிம்பு சற்றே உயர்ந்திருந்தால் மேலே ஏறி எறிந்தவரை நோக்கியே விழும். வேகத்தைக் குறைத்து, முன்விளிம்பைத் தாழ்த்தி விடுவதே வழி. பலத்தை நம்புபவர் இங்கே தோற்பார்.

தமிழகத்தில் இந்தக் கலைக்குச் சொந்தமான கருவி வளரி. வளைதடி என்றும் அழைப்பர். பிறை வடிவில், ஒரு முனை பருத்தும் மறுமுனை மெலிந்தும் இருக்கும். மரம், இரும்பு, தந்தம் ஆகியவற்றால் செய்யப்பட்டது. மெல்லிய முனையைப் பிடித்து, தோளுக்கு மேல் சிலமுறை சுழற்றி விடுவார்கள் என்று எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியான தம் நூலில் பதிவு செய்தார். வளரி வேட்டைக்கும் போருக்கும் பயன்பட்டது. கள்ளர், மறவர் திருமணங்களில் வளரி மாற்றிக்கொள்ளும் வழக்கமும் இருந்தது.

வளரியை எறியக் கற்றவர்களில் ஒருவர் ஆங்கிலேயப் படை அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ். கற்றுக்கொடுத்தவர் சிவகங்கையின் சின்ன மருது. தேர்ந்த கையில் நூறு கெஜத்துக்குள் வளரி குறிதவறாது என்று வெல்ஷ் 1830இல் வெளியிட்ட நினைவுக்குறிப்பில் எழுதினார். ஆனால் கை எப்படி மடங்கியது, எப்போது விட்டது என்பதைச் சொல்லவில்லை. 1801இல் அதே வெல்ஷ் மருதுவுக்கு எதிரான படையில் இருந்தார். தொடை முறிந்து சிறைப்பட்டிருந்த தம் ஆசானை நேரில் கண்டார். அக்டோபர் 24 அன்று மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். டிசம்பர் 1 அன்று சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட அறிக்கை தென்பாளையங்களில் ஆயுதம் ஏந்துவதைத் தடை செய்தது.

தடைக்குப்பின் வளரிகள் மிஞ்சின. தஞ்சை ஆயுதச்சாலையிலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் சில சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தன. எறியும் முறையோ ஏட்டில் இல்லை. ஆசான் கையிலிருந்து மாணவன் கைக்குப் போன ஒன்று. இன்று சில சிலம்பப் பள்ளிகள் வளரி எறிதலையும் கற்பிக்கின்றன. தட்டும் வளரியும் ஒன்றல்ல: தட்டு மிதக்க வேண்டும், வளரி தாக்க வேண்டும். ஆயினும் பருத்த முனை முன்னே சுழன்று செல்ல, மெல்லிய முனையை விரல்கள் எந்த நொடியில் விட வேண்டும் என்ற கேள்வி தட்டெறிபவரின் கேள்விதான்.