கானா தேர்தல் ஆணையம்

மேற்கு ஆப்பிரிக்க நாடான கானாவில் குடியரசுத் தலைவர் தேர்தலையும் நாடாளுமன்றத் தேர்தலையும் நடத்தும் தன்னாட்சி அமைப்பு. 1992ஆம் ஆண்டு அரசியலமைப்பின்படி உருவாகி, 1993இல் தனிச் சட்டத்தின் மூலம் நிலைபெற்றது. தலைமையகம் அக்ராவில் உள்ளது.

ஆணையத்துக்கு முந்திய கதை 1978இல் தொடங்குகிறது. கட்சிகளே இல்லாமல் படையினரும் காவல்துறையும் குடிமக்களும் சேர்ந்து ஆளும் 'ஒன்றிய அரசு' வேண்டுமா என்று அந்த ஆண்டு மார்ச் 30 அன்று அப்போதைய ராணுவ ஆட்சியாளர் ஜெனரல் அச்சாம்பாங் பொது வாக்கெடுப்பு நடத்தினார். அப்போது தேர்தல் ஆணையராக இருந்தவர் நீதிபதி ஐசக் அபான். வாக்குகளை அந்தந்தச் சாவடியிலேயே எண்ண வேண்டும் என்பதில் அவர் உறுதியாக நின்றார். ஆட்சியாளர்களுக்கு அது ஒத்துவரவில்லை. படையினர் அலுவலகத்துக்குள் புகுந்ததும் அபான் தப்பித் தலைமறைவானார். 'ஆம்' வென்றதாக அவர் இல்லாமலேயே அறிவித்தார்கள். சில மாதங்களில் அச்சாம்பாங்கின் பதவி பறிபோனது. அபான் பின்னாளில் நாட்டின் தலைமை நீதிபதியானார். எண்ணுமிடம் எது என்ற அந்தத் தகராறே கானா தேர்தல் வரலாற்றின் மையப் பிரச்சினை என்று சொல்லலாம்.

பலகட்சி முறை திரும்பிய 1992இல் தேர்தலை நடத்தியது ஓர் இடைக்கால ஆணையம். குடியரசுத் தலைவர் தேர்தலில் அப்போதைய ஆட்சியாளர் ஜெர்ரி ராலிங்ஸ் பெற்ற வெற்றியை எதிர்க்கட்சியினர் மோசடி என்றார்கள். அடுத்த மாதம் நடந்த நாடாளுமன்றத் தேர்தலைப் புறக்கணித்தார்கள். 200 இடங்களில் 189 ஆளுங்கட்சிக்குப் போயிற்று. இப்படியொரு அவநம்பிக்கையின் நடுவேதான் 1993இல் அரசியல் அறிவியல் பேராசிரியர் குவாட்வோ அஃபாரி-ஜான் ஆணையத் தலைவரானார். 2015 வரை அப்பதவியில் நீடித்தார். 1994இல் அமைந்த கட்சிகளிடை ஆலோசனைக் குழுவில் சண்டைக்காரர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். அதற்குச் சட்ட அதிகாரம் ஏதும் இல்லை. ஆயினும் ஆணையத்தின் சாதனைகளில் பெரியது இதுவே. புதிய வாக்காளர் பட்டியல் வந்தது. 1996 தேர்தலில் உள்ளே இருப்பது வெளியே தெரியும் வாக்குப்பெட்டிகள் வைக்கப்பட்டன.

வாக்குப்பதிவு மாலை 5 மணிக்கு முடிகிறது. பெட்டியை அங்கேயே திறந்து, ஒவ்வொரு சீட்டாக எல்லோரும் பார்க்கத் தூக்கிக் காட்டி எண்ணுகிறார்கள். கூடியிருக்கும் மக்களும் சேர்ந்து உரக்க எண்ணுவது உண்டு. முடிவுகள் 'பிங்க் ஷீட்' எனப்படும் படிவத்தில் ஏறுகின்றன. சாவடித் தலைமை அலுவலரும் கட்சி முகவர்களும் கையெழுத்திடுகிறார்கள். ஆளுக்கொரு நகல் கையில் கிடைப்பதால், ஆணையம் கூட்டுவதற்கு முன்பே கட்சிகள் கூட்டிவிடுகின்றன. குடியரசுத் தலைவர் தேர்தல் முடிவை அறிவிக்கும் அதிகாரம் ஆணையத் தலைவருக்கு மட்டுமே உண்டு. பாதிக்கு மேல் வாக்கு யாருக்கும் கிடைக்காவிட்டால் இரண்டாம் சுற்று. 2008இல் அப்படி நடந்த சுற்றில் ஜான் அட்டா மில்ஸ் சுமார் 40,000 வாக்குகளில் வென்றார்.

2012இல் கைரேகை சரிபார்க்கும் கருவிகள் வந்தன. பல இடங்களில் அவை மக்கர் செய்ய, வாக்குப்பதிவு மறுநாளும் தொடர்ந்தது. தோற்றவர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். கையெழுத்தில்லாத பிங்க் ஷீட்களும் அளவுக்கு மீறிய வாக்குகளும் மாதக்கணக்கில் தொலைக்காட்சி நேரலையில் அலசப்பட்டன. 2013 ஆகஸ்டில் மனு தள்ளுபடியானது. கருவி எவ்வளவு வந்தாலும் வழக்கு காகிதத்தில்தான் நின்றது.

ஆணையத்தில் தலைவர், இரண்டு துணைத் தலைவர்கள், நான்கு உறுப்பினர்கள் என எழுவர். அரசவைக் குழுவின் ஆலோசனையின் பேரில் குடியரசுத் தலைவர் அவர்களை நியமிக்கிறார். தலைவருக்கு மேல்முறையீட்டு நீதிமன்ற நீதிபதிக்குரிய பணி நிபந்தனைகள் பொருந்துவதால், ஆட்சி மாறியதும் வீட்டுக்கு அனுப்பிவிட முடியாது. விசாரணைக் குழு வேண்டும். முதல் பெண் தலைவர் சார்லட் ஒசெய், கொள்முதல் விதிமீறல் குற்றச்சாட்டில் 2018இல் அவ்வழியாகவே நீக்கப்பட்டார். அரசியல் பழிவாங்கல் என்ற குரலும் எழுந்தது. அடுத்து வந்த ஜீன் மென்சா 2020இல் முடிவை அறிவித்தபோது, பதிவான மொத்த வாக்குகளைச் செல்லுபடியான வாக்குகளாக வாசித்துவிட்டுப் பிறகு திருத்தினார். இதுவும் வழக்குக்குப் போய்த் தள்ளுபடியானது.

2024 டிசம்பர் 7 தேர்தலில் ஆணையம் அறிவிப்பதற்கு முன்பே ஆளுங்கட்சி வேட்பாளர் மஹமுது பவுமியா தோல்வியை ஒப்புக்கொண்டார். கட்சியின் கையிலிருந்த சாவடிக் கணக்கே அவருக்குப் போதுமானதாக இருந்தது. ஆனால் அக்ராவின் அப்லெகூமா நார்த் தொகுதியில் படிவத் தகராறு தீரவில்லை. 19 சாவடிகளில் 2025 ஜூலை 11 அன்று மறுவாக்குப்பதிவு நடக்கும்வரை அத்தொகுதிக்கு நாடாளுமன்ற உறுப்பினரே இல்லை.